வெள்ளியப்பன் பெண் பார்க்கப் போனது

எலிக்கு அண்ணன், முயலுக்குத் தம்பி போலிருக்கும் சின்சில்லாவான வெள்ளியப்பனுக்கு மேகத்தைப் பிய்த்து ஒட்டியது போல ரோமம். அதை நம்பித்தான் தரகர் அணிலார் அவனைப் பெண் பார்க்க அழைத்துப் போனார்.

“நிறத்தைப் பாரும்மா! பிறக்கிற குட்டியெல்லாம் இதே பளபளப்புதான்” என்று அளந்தார் அணிலார்.

பெண் மிளகி ரோமத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொய்யாக் குச்சி ஒன்றை அவன் முன்னால் நகர்த்தி, “முதல்ல இதைக் கடிங்க” என்றாள்.

வெள்ளியப்பனின் பற்கள் கோணலாக வளர்ந்து கன்னத்தைக் குத்தும். ஊறவைத்த தீனிதான் உள்ளே இறங்கும். அவன் அப்பாவுக்கும் அதே பல்தான்; வழிவழியாக வரும் கோளாறு. கடைசியில் எதையும் மெல்ல முடியாமலே செத்துப்போனார். மிளகியையோ பார்த்தவுடனே அவனுக்குப் பிடித்துப்போயிருந்தது.

“இப்பதான் சாப்பிட்டுட்டு வந்தோம்!” என்று குறுக்கே பாய்ந்தார் அணிலார். அவன் காதில், “பல்லு விஷயத்தை எல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம் சொல்லிக்கலாம்” என்று கிசுகிசுத்தார்.

“யார்கிட்ட, என் குட்டிகிட்டயா?” என்று சத்தமாகவே கேட்டான் வெள்ளியப்பன். பிறகு மிளகியிடம் வாயைத் திறந்து காட்டினான்.

அணிலார் தலையிலடித்துக்கொண்டு மரமேறிவிட்டார். மிளகி குச்சியைத் தானே பஞ்சாகக் கடித்து அவன் பக்கம் தள்ளினாள்.

“கல்யாணம் வேண்டாம். நாளைக்கும் சாப்பிட வாங்க.”