செம்புக் குடத்துத் தண்ணீர்

"நான் ஒரு விசில் அடிச்சா போதும், தொட்டியில இருக்கற அத்தனை நத்தையும் தண்ணிய விட்டு வெளிய வந்து வரிசையில நிக்கும்!" என்கிறார் ஓய்வு பெற்ற டிராஃபிக் போலீஸ்காரர். "உங்க விசிலுக்கு லாரிக்காரனே நின்னதில்ல," என்கிறாள் மனைவி. காலை வெயில் கண்ணாடித் தொட்டியில் சாய்ந்து விழுகிறது. அவள் ஆசையாய் வளர்க்கும் சிவப்பு இறால்களின் தீனியைத் தின்றே நத்தைகள் பெருகிவிட்டன. வெள்ளரித் துண்டு போட்டு, அதில் மொய்ப்பவற்றைத் தினமும் பொறுக்கி எடுக்கிறாள். இன்று அவள் எழுவதற்குள் அவரே தண்ணீரை மாற்றி வைத்திருக்கிறார். மூன்று தெரு தள்ளி வண்டிகள் நின்றிருக்கும், அப்படி ஒரு விசில் அடிக்கிறார். அட, நத்தைகள் நீர்மட்டத்தைத் தாண்டி, ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணாடியில் ஏறுகின்றன! அவர் மீசையை முறுக்குகிறார். அவள் கீழே பார்க்கிறாள். வயிறு நிறைய முட்டை சுமந்த இறால் மணலில் கால்களை உதறி, பக்கவாட்டில் சாய்ந்து அடங்குகிறது. மற்றவை ஏற்கெனவே வெளிறிக் கிடக்கின்றன. "புதுத் தண்ணிய எதுல புடிச்சு வச்சீங்க?" "நம்ம செம்புக் குடத்துலதான். உடம்புக்கு நல்லதாச்சே." "நமக்கு நல்லதுங்க. இறாலுக்குச் செம்பு விஷம். அது தாங்காமதான் நத்தையும் ஓடுது." விசில் அவர் உதட்டிலிருந்து நழுவிக் கயிற்றில் ஊசலாடுகிறது. அவள் வெள்ளரித் துண்டை வெளியே எடுக்கிறாள். அதில் ஒரு நத்தைகூட இல்லை. "நீங்க சொன்னது நடந்துடுச்சுங்க," என்கிறாள். "எல்லாம் வெளிய வந்துடுச்சு."