ஊசிமுனையில் ஓர் அலை

மிக்ஸியின் பிளக்கைப் பிடுங்காமலே, மின் அலையைத் திரையில் காட்டும் புது ஆசிலாஸ்கோப்பின் கறுப்புக் கிளிப்பை மிக்ஸிக்குள் இருந்த போர்டில் மாட்டப்போன ஜெபராஜின் மணிக்கட்டை மனைவி பிரிசில்லா பிடித்துக்கொண்டாள்.

“இந்தக் கிளிப் எர்த்தோட சேர்ந்தது. கரண்ட் இருக்கற இடத்துல மாட்டினா அது வழியா நேரா பாயும். நீங்களும் போய்ச் சேருவீங்க.”

“நான் போனா மிக்ஸிய யாரு சரிபண்றது?”

“இப்ப மட்டும் யாரு பண்றாங்களாம்?”

பிளக்கை அவளே பிடுங்கினாள். அளக்கும் ஊசிமுனையில் அவன் விரலை வைக்கச் சொன்னாள். திரையில் ஓர் அலை எழுந்தது.

“என் நாடியா?”

“சுவத்து வயர்ல ஓடற கரண்ட். உங்க உடம்பு ஏரியல் மாதிரி பிடிக்குது. இப்ப பாருங்க.”

ஒரு கையால் கிளிப்பைத் தொட்டு, மறு கையால் அவனுடைய இன்னொரு கையைப் பற்றினாள். அலை மெல்லப் படுத்துக்கொண்டது.

“புரிஞ்சுதா? கைய விடவா?”

“இன்னும் புரியல” என்றான் ஜெபராஜ், திரையைப் பார்க்காமல்.