தலையணையின் நிறம்

பிரசவத்துக்குப் பிறகு வேணியின் இரண்டு கன்னங்களிலும் மங்கு படர்ந்தது. டாக்டரிடம் போகிறேன் என்றவளைத் தடுத்து, புருஷன் சங்கரலிங்கம் மருந்துக் கடையில் தானே ஒரு க்ரீம் வாங்கி வந்தான். எரிகிறது என்றாள். "எரிஞ்சாத்தான் வேல செய்யுதுன்னு அர்த்தம். தங்கச்சி கல்யாணத்துல என் பக்கத்துல நிக்கணும்லா" என்றான். தினமும் படுக்கும் முன் அவன் கண்ணெதிரே பூசினாள். மங்கு முன்னைவிடக் கருத்தது. அவள் தலைவைத்துப் படுத்த கருநீலத் தலையணை உறைதான் வெளுத்தது, சரியாக ஒரு கன்னத்தின் அளவுக்கு.

கல்யாணத்துக்குக் கிளம்பிய காலையில் அவள் முகத்தைப் பார்த்தவன், "நீ வீட்டுலயே இரு. கேட்டா காய்ச்சல்னு சொல்லிக்கிடுதேன்" என்று காரில் ஏறினான். பட்டுப்புடவையோடு உள்ளே போனவள் தலையணையை எடுத்து வந்தாள். அவன் பக்கத்து இருக்கையில், வெளுத்த இடம் தெரியும்படி நிமிர்த்தி வைத்தாள்.

"நீங்க கேட்ட கலரு இதுலதான் ஏறியிருக்கு. இதக் கூட்டிட்டுப் போங்க. போட்டோவுல நல்லா விழும்."

சீட் பெல்ட்டையும் இழுத்து அதற்கு மாட்டிவிட்டு, கதவை அறைந்து சாத்தினாள். வெயில் அவள் முகத்தில் நேராக அடித்தது. அவள் நகரவில்லை. காரும் கிளம்பவில்லை.