கொடும்பாவிக்கு ஒரு சேலை

ஊரில் பாவி இருப்பதால்தான் இரண்டு வருஷமாக மழையில்லை என்று சொல்லி, வைக்கோலில் கொடும்பாவி கட்டினார்கள். அதற்கு உடுத்தப் பெருமாயி தன் மகளின் சேலையைக் கொடுத்தாள். புருஷனோடு வாழமுடியாமல் வந்தவளை, "எங்க ஊட்டு வாசப்படி மிதிக்காத" என்று பெருமாயி துரத்திய அன்று, மகள் அந்தச் சேலையோடுதான் கிணற்றில் விழுந்தாள். துவைத்துக் காயவைத்த சேலை இரண்டு வருஷமாகப் பெட்டியில் இருந்தது.

கொடும்பாவியைத் தெருத்தெருவாக இழுத்து, மாரடித்து அழுது, வறண்ட ஏரியில் வைத்துக் கொளுத்தினார்கள். பற்றவில்லை.

"ஏனுங்க்கா, சீலய நனைச்சா குடுத்தீங்க?" என்றான் தீக்குச்சி கிழித்த சடையன்.

பெருமாயி கொடும்பாவியின் முந்தானையைப் பிழிந்தாள். தண்ணீர் பிழியப் பிழிய வந்தது. கிணற்றுப் பாசி வாசம் அடித்தது.

அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "ஊட்டுக்கு வந்துரு சாமி" என்றாள்.

சேலை அப்போதே மொடமொடவென்று காய்ந்துபோனது. பெருமாயி விலகி நின்றதும், சடையனின் அடுத்த குச்சிக்கே பற்றிக்கொண்டது.