நேத்து மாதிரியேதான்

காற்றாலை இறக்கை ஒன்றில், விரிசல் விழுகிறதா என்று கண்காணிக்க, இரண்டு உணர்வில்லைகளை ஒட்டியிருந்தார்கள். அடியில் இருந்த அடிவில்லை தினமும் காலையில், மனிதக் காதுக்கு எட்டாத ஓர் அதிர்வை இறக்கைக்குள் அனுப்பும். "சௌக்கியமா?" என்று அதற்கு அர்த்தம். அது வந்து சேரும் விதத்தைக் கேட்டு, உள்ளே அடுக்கடுக்காக ஒட்டிய நார்கள் எங்காவது பிரிந்திருக்கின்றனவா என்று நுனியில் இருந்த நுனிவில்லை சொல்ல வேண்டும்.

"நேத்து மாதிரியேதான்" என்று அது சொல்லும்.

ஒருநாள் அதிர்வின் பின்னாலேயே, இறக்கையின் நடுவிலிருந்து ஒரு முனகலும் கேட்டது.

"அது யாருப்பா?" என்றது அடிவில்லை.

"நேத்தும்தான் வந்துச்சு. இன்னைக்கு ஒரு மயிரிழை கூட. அதுக்காக ஊரைக் கூட்டணுமா? நேத்து மாதிரியேதான்."

முனகல் தினமும் ஒரு மயிரிழை வளர்ந்தது. பதில் மாறவேயில்லை.

பேய்க்காற்று அடித்து ஓய்ந்த ஒரு காலையில் அடிவில்லை கேட்டது: "சௌக்கியமா?"

"நேத்து மாதிரியேதான்."

பதில் ஏன் இவ்வளவு சீக்கிரம், இவ்வளவு பக்கத்திலிருந்து வந்தது? அடிவில்லை எட்டிப் பார்த்தது. இறக்கை பாதியோடு முடிந்திருந்தது. நுனிவில்லை கீழே சோளக்காட்டில் கிடந்தது.

பதில் சொன்ன அந்த முனகல், முறிந்த விளிம்பிலிருந்து திருப்பிக் கேட்டது:

"நீ சௌக்கியமா?"