முடிக்காத ஜெபம்

வலது முட்டி மண்ணில். விரல்கள் சுண்ணாம்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம்.

அவள் கோட்டில் குனிந்து காத்திருந்தாள்.

மாவட்டப் போட்டி. நானூறு மீட்டர், மைதானத்தை ஒரு முழுச் சுற்று. பக்கத்துத் தடத்தில் பெரிய பள்ளிக்கூடத்துப் பெண், ஆணி வைத்த ஷூவோடு. அந்தப் பெண்ணைப் பார்த்துப் பயமில்லை. ஓட்டத்தைத் தொடங்கிவைக்கிற சிவப்புத் தொப்பிக்காரர் கையிலிருந்த துப்பாக்கியைப் பார்த்தும் பயமில்லை.

அவள் பயந்தது தன் சொந்தப் பள்ளிக்கூடத்துக்கு.

பின்னால் வேப்பமரத்தடியில் அத்தனை பேரும் எழுந்து, கண்ணை மூடி, அவளுக்காக ஜெபித்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு வேனில் அடங்கிவிடுகிற பள்ளிக்கூடம். ஆனால் ஜெபிக்க ஆரம்பித்தால் நாலு ஊருக்குக் கேட்கும்.

அங்கே ஓட்டத்துக்கு விசில் கிடையாது. காலையில் பிள்ளைகள் கோட்டில் குனிந்ததும் பி.டி. ஆசிரியர் பொன்சிங் சார் சொல்வார். “மண்டி போட்டுத்தான இருக்கீங்க. அப்படியே ஜெபிச்சிருவோம்.”

அவர் ஆமென் என்றதும் ஓட வேண்டும்.

விசில் ஊதப் போகிறவருக்குக் கன்னம் உப்பும். பார்த்து முந்திக்கொள்ளலாம். பொன்சிங் சாரின் ஜெபம் எப்போது முடியும் என்பது கர்த்தருக்கே வெளிச்சம். ஒருநாள் இரண்டு வரி. ஒருநாள் மழை, விளைச்சல், மந்திரிமார் எல்லாரும் அதில் வருவார்கள். குனிந்தபடியே காத்திருக்க வேண்டும். சேர்ந்த நாளிலிருந்து அவள் கால்கள் அந்த ஒரு சொல்லுக்குத்தான் கீழ்ப்படிந்தன.

அதுதான் வினையாயிற்று.

போன மாதம் குறுவட்டப் போட்டியில், துப்பாக்கி வெடிப்பதற்கு முன்னால் மரத்தடியில் ஆமென் வந்துவிட்டது. கால் கிளம்பிவிட்டது. கிளம்பியது அவளுக்கே பிறகுதான் தெரிந்தது. அங்கிருந்த நடுவர் சின்னப் பிள்ளைதானே என்று இரக்கப்பட்டு மறுபடி ஓட விட்டார்.

இங்கே இரக்கம் கிடையாது. முந்தினால் வெளியே. மைக்கில் இரண்டு தரம் சொல்லிவிட்டார்கள்.

வெளியே என்றால் எவ்வளவு தூரம் என்று அவளுக்குத் தெரியும். மார்க்கைப் பார்த்திருந்தால் அந்தப் பள்ளிக்கூடத்தின் கேட்டே அவளுக்குத் திறந்திருக்காது. காலைப் பார்த்துத்தான் விடுதியில் சேர்த்தார்கள். இன்று ஜெயித்தால் ப்ளஸ் டூ வரைக்கும் அந்தக் கட்டில் அவளுடையது. இல்லையென்றால் ஊர். ஊரில் அக்கா வேலைக்குப் போகிற தீப்பெட்டி ஆபீஸ். அக்காவுக்குப் பக்கத்தில் ஒரு இடத்தை அம்மா இப்போதே கேட்டு வைத்திருந்தாள்.

எனக்காக ஜெபிக்காதீர்கள் என்று எந்த வாயால் சொல்வது?

காதில் பஞ்சு வைத்தால் துப்பாக்கியும் கேட்காது.

இன்று காலையில் வேனைவிட்டு இறங்கியதும் பொன்சிங் சாரிடம் மட்டும் போய் நின்றாள்.

“சார், ஜெபம் பண்ணட்டும் சார். முடிக்க மட்டும் வேண்டாம்னு சொல்லுங்க சார்.”

அவர் சிரிப்பார் என்று நினைத்தாள். சிரிக்கவில்லை. தலைமையாசிரியை லில்லி மிஸ்ஸிடம் போய் ஏதோ பேசினார். மிஸ் திரும்பி இவளை ஒரு பார்வை பார்த்தார். கோபமா, கவலையா, தெரியவில்லை. அதற்கும் சேர்த்துப் பயந்தாள்.

இப்போது மிஸ்ஸின் குரல் காற்றில் வந்துகொண்டிருந்தது.

பிள்ளையின் கால்களை ஆசீர்வதியும் ஆண்டவரே.

காதைப் பொத்திக்கொள்ள முடியாது. இரண்டு கையும் கோட்டில்.

“செட்.”

இடுப்பை உயர்த்தினாள்.

மிஸ்ஸின் குரலும் உயர்ந்தது. உயர்ந்தால் முடியப் போகிறது. அவளுக்குத் தெரியும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.

ஜெபம் கேளும் எங்கள் நல்ல பிதாவே.

அவள் பல்லைக் கடித்தாள்.

ஒன்றும் வரவில்லை.

மொத்தப் பள்ளிக்கூடமும் ஒரு சொல்லை வாய்க்குள் அடக்கிக்கொண்டு நின்றது. சார் சொல்லிவிட்டார். மிஸ்ஸும் கேட்டுவிட்டார். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

துப்பாக்கி வெடித்தது.

எல்லாரும் போய்விட்டார்கள்.

அவள் போகவில்லை.

சத்தம் காதில் விழுந்தது. புழுதி முகத்தில் அடித்தது. ஓடுடி, ஓடுடி என்று தனக்குத்தானே சொன்னாள். கால்கள் குனிந்த இடத்திலேயே காத்திருந்தன. ஜெபம் இன்னும் முடியவில்லையே.

முந்திவிடுவோமோ என்றுதான் இத்தனை நாளும் பயந்தாள். இதற்குப் பயப்பட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

தீப்பெட்டி ஆபீஸின் மருந்து வாடை மூக்கில் ஏறியது.

அப்போது மரத்தடியிலிருந்து ஒரு தனிக் குரல். பொன்சிங் சாருடையது. தொண்டை கிழிய.

“ஆமென்!”

கால்கள் கிளம்பின.

முன்னால் புழுதி. புழுதிக்குள் முதுகுகள். சுற்று அப்படியே பாக்கி இருந்தது.

பின்னால், அதுவரை வாயைக் கட்டிக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாரும் ஆளுக்கு ஒரு பக்கமாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஆமென். ஆமென். பெரிசும் சிறிசுமாக, முன்னும் பின்னுமாக.

ஒவ்வொன்றுக்கும் அவள் புதிதாகக் கிளம்பினாள்.