எந்தக் கதவு?

“சார், கலரை மட்டும் வச்சு இதுல எந்தக் கதவு அடி வாங்கினதுன்னு கண்டுபிடிங்க பாக்கலாம்.”

ஃபோர்மேன் ஆரம்பித்துவிட்டார். பெயின்டருக்கு எரிச்சலாக வந்தது. வண்டியை எடுக்க வருகிற ஒவ்வொருவரிடமும் இதே வசனம்தான். அதுவும் ஒர்க் ஷாப் முழுக்கக் கேட்கிற குரலில்.

வண்டிக்காரர் இரண்டு சுற்று சுற்றி வந்து உதட்டைப் பிதுக்கினார்.

“வித்தியாசமே தெரியலையே.”

“தெரியாது சார். நம்ம தம்பி கை அப்படி. இவனை மாதிரி கலர் சேர்க்க இந்த ஊர்லயே ஆள் கிடையாது. நாலு பேர்கிட்ட சொல்லுங்க.”

பெயின்டர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். தனியாக இருக்கும்போது ‘நல்லா இருக்கு’ என்று ஒரு வார்த்தை சொல்லாத மனுஷன். வெளியாள் தலையைக் கண்டால் போதும், வாய் மூடாது.

வண்டி வெளியே போனதும் பெயின்டர் கேட்டே விட்டான்.

“அண்ணே, சம்பள விஷயம் என்னாச்சு?”

ஃபோர்மேனின் குரல் பாதியாக இறங்கியது.

“முதலாளிகிட்ட கேட்டேன்பா. இந்த வருஷமும் கையை விரிச்சுட்டாரு.”

“போன வருஷமும் இதைத்தானே சொன்னீங்க?”

“நீ உன் வேலையைப் பாரு. நேரம் வரும்.”

நேரம் வருமாம். அவன் வீடு ஒரே அறை. பரீட்சைக்குப் படிக்கிற மகள், சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சிலிண்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். சம்பளம் ஏறட்டும், இரண்டு அறை வீட்டுக்குப் போய்விடலாம் என்று அவளுக்கு அவன் வாக்குக் கொடுத்து வெகுநாளாகிறது. இப்போதெல்லாம் அவள் அதைப் பற்றிக் கேட்பதுகூட இல்லை.

வீட்டுக்குள் நுழைந்த அவன் முகத்தைப் பார்த்ததுமே மனைவிக்குப் புரிந்துவிட்டது.

“இந்தத் தடவையும் பாராட்டுதானா?”

“ஊர்லயே என்னை மாதிரி ஆள் இல்லையாம்.”

“அப்போ வீட்டுக்காரர்கிட்ட அதையே வாடகையா குடுங்க. உங்களைக் காட்டி அந்த ஃபோர்மேன் பேர் வாங்கிக்கிறாருங்க. உங்களுக்குத்தான் அது புரியல.”

அவள் சொன்னது சுருக்கென்று தைத்தது. இனிமேல் வாங்குகிற சம்பளத்துக்கு மட்டும்தான் வேலை என்று முடிவு கட்டினான்.

மறுநாள் ஒரு சில்வர் கலர் வண்டி வந்தது. முன்கதவில் நீளமாக ஒரு கீறல். கொண்டுவந்தவர் கசங்கிய சட்டை போட்டிருந்தார். “எப்ப கிடைக்கும்?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

சில்வர் பொல்லாத கலர். டப்பாவில் போட்டிருக்கிற நம்பர்படி கலந்தால் கிட்டத்தட்ட வரும், அவ்வளவுதான். வழக்கமாக அவன் ஒரு தகரத் துண்டில் அடித்து, காயவைத்து, வெயிலில் கொண்டுபோய் வண்டியோடு சேர்த்துப் பார்ப்பான். ஒத்துப்போகிற வரைக்கும் சொட்டுச் சொட்டாகக் கலப்பான். அன்றைக்குச் சாப்பாடே மறந்துபோகும்.

இந்தத் தடவை சாப்பாடு மறக்கவில்லை. நம்பர்படி கலந்தான், ட்யூப் லைட் வெளிச்சத்திலேயே அடித்தான், கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினான். மனசுக்குள் ஒரு ஓரத்தில் உறுத்தத்தான் செய்தது. ‘வாங்குற காசுக்கு இது போதும்’ என்று அதன் வாயை அடைத்தான்.

கசங்கிய சட்டைக்காரர் வண்டி எடுக்க வந்தார். ஃபோர்மேன் என்றைக்கும் இல்லாத திருநாளாகச் சவரம் செய்து பளிச்சென்று இருந்தார். தானே வண்டியை வெயிலுக்கு ஓட்டிவந்து, இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டார்.

“சார், எந்தக் கதவுன்னு கண்டுபிடிங்க பாக்கலாம்.”

அவர் சுற்றிக்கூட வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே கையை நீட்டினார்.

“இது.”

வெயிலில் அந்தக் கதவு மட்டும் வேறு எந்த வண்டியிலிருந்தோ கழற்றி மாட்டியது மாதிரி இருந்தது. ஃபோர்மேன் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். வந்தவர் குறை ஒன்றும் சொல்லவில்லை. பணத்தைக் கட்டினார், பெயின்டரை ஒருமுறை பார்த்தார், போய்விட்டார்.

திட்டு விழும் என்று பெயின்டர் காத்திருந்தான். ஃபோர்மேன் திட்டவில்லை. பக்கத்தில் கிடந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டார்.

“அவர் யாருன்னு தெரியுமா உனக்கு? பெரிய ஷோரூம் ஒண்ணுல பெயின்ட் பிரிவுக்கே தலைவரு. தலைமைப் பெயின்டர் வேலைக்கு ஆள் தேடிட்டு இருக்காரு. இங்க நீ வாங்குறதுல ரெண்டு மடங்கு சம்பளம். அங்க வர்ற வண்டிக்காரங்க எல்லாம் உன்னைப் பத்தியே சொன்னாங்களாம். அதான் உன் வேலையைப் பாக்க சொந்த வண்டியையே கொண்டாந்தாரு.”

பெயின்டருக்கு மகளின் முகம் கண்முன் வந்தது. ஒரே ஒரு தடவை வெயிலில் வைத்துப் பார்த்திருந்தால் போதும். தகரத் துண்டு சுவரோரமாகச் சுத்தமாகவே கிடந்தது.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணே.”

“சொல்லக் கூடாதுன்னு அவர் கண்டிஷன். முதலாளிக்குத் தெரிஞ்சா என் சீட்டும் கிழிஞ்சிடும். அது போகட்டும், உன் வேலையை நான் என்னிக்குப்பா சரிபார்த்திருக்கேன்?”

பெயின்டர் தலை நிமிரவில்லை.

“நீங்க சும்மா வாய்ப்பேச்சுக்குப் புகழ்றீங்கன்னு நினைச்சேண்ணே.”

“சம்பளம் ஏத்த எனக்கு அதிகாரமா இருக்கு? வாய்தான் இருக்கு.” ஃபோர்மேன் டயரிலிருந்து எழுந்தார். “இத்தனை நாளும் நான் கத்தினது உன் காதுல விழறதுக்கு இல்லப்பா. வந்து போறவங்க காதுல விழறதுக்கு.”